தையல் போட்ட கையில் தொலைந்த 131 நாள்

போன மாதம் எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் முன்கையில் கட்டோடு என் கடைக்கு வந்தான். தகரம் கிழித்துவிட்டதாம். "விரல் மரத்துப்போய் இருக்குக்கா. தையல் போட்டா அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிடும்னு சொன்னாங்க" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022 அக்டோபரில் இது மாதிரி ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் 131 நாளைத் தொலைத்தேன். அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி, மறுநாளே கை அறுவை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

நான் தையல்காரி. விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் பதினெட்டு வருடமாகப் பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன். அக்டோபர் 8, புரட்டாசி சனிக்கிழமை. தீபாவளிக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. கடையில் அளவு பார்க்க வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி ஆணி பெயர்ந்து சாய்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். யோசிக்காமல் வலது கையை நீட்டித் தாங்கினேன். கண்ணாடி உடைந்து, மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே, உள்பக்கம் குறுக்காகக் கிழித்தது. ரத்தம் நிறையப் போகவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஓடினோம்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தவறு அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் காயத்தைச் சுற்றி மரக்கும் ஊசி போட்டார்கள். அப்புறம் "விரலை மடக்குங்க" என்றார்கள். ஐந்து விரலும் மடங்கின. "நரம்புக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று ஏழு தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். பில் 4,500 ரூபாய். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மரத்திருந்தன. ஊசியின் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டேன். இரவு ஆயிற்று, விடிந்தது, மரப்பு போகவில்லை. பிறகு தெரிந்துகொண்டது இது: விரலை மடக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு வெகு மேலேயே பிரிந்துவிடுகின்றன. மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு அங்கே முழுதாக அறுந்தாலும் விரல்கள் மடங்கத்தான் செய்யும். போவது மூன்றரை விரலின் உணர்வும், பெருவிரலை உள்ளங்கைக்குக் குறுக்கே தூக்கிக் கொண்டுவரும் சின்னச் சின்னத் தசைகளின் பலமும். எனவே கையில் கண்ணாடியோ கத்தியோ பட்டால், மரக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரல் நுனியும் சுண்டுவிரல் நுனியும் எதிரெதிரே வந்து தொடுகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு உணர்வைச் சோதித்து ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் பேச்சில் 'நரம்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்திருக்கிறோம். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், அது ரத்தக் குழாய். உணர்வைக் கொண்டுபோவதையும் நரம்பு என்கிறோம். "நரம்புக்கு ஒண்ணும் இல்ல" என்று கேட்டதும் என் வீட்டுக்காரர், ரத்தம் நின்றுவிட்டதே, சரிதான் என்று நிம்மதியானார். நானும்தான். அன்று "எந்த நரம்பு? உணர்வு நரம்பைப் பிரித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தால் கதையே வேறு. அறுந்த அன்றோ சில நாளுக்குள்ளோ இரண்டு முனைகளையும் நேராக வைத்துத் தைத்துவிட முடியும். நாள் போகப் போக முனைகள் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தழும்பு கட்டிவிடும்.

தீபாவளிக்கு வாங்கியிருந்த துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிய முன்பணம் 11,600 ரூபாயும் திருப்பிக் கொடுத்தேன். தையல் பிரித்த பிறகு ஊசியை எடுக்கப் போனால் ஊசி விரலில் இருக்கிறதா கீழே விழுந்ததா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என் ஜாக்கெட் கொக்கியை என் மகள்தான் மாட்டிவிடுவாள். கடையில் துணியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் பருத்தியா கலப்பா என்று சொல்லிவிடுவேன், அந்த விரல்கள் எனக்கு இல்லாமல் போயின. மார்கழி வந்தது. மாவை இரண்டு விரலால் இழையவிட்டால்தான் கோலம். எனக்கு மாவு கட்டியாகக் கொட்டியது. நான் கையை வீசிவிட்டு உள்ளே போய் அழுதேன். பெருவிரலின் அடிச்சதை நாளுக்கு நாள் வற்றி அங்கே குழி விழுந்துகொண்டிருந்தது.

இந்த நாட்களில் செய்ததெல்லாம் பலன் தராத செலவு. பி12 மாத்திரை நான்கு மாதம், 2,200 ரூபாய். கரண்ட் வைத்தல் பதினைந்து முறை, 4,500. பக்கத்து ஊர் எண்ணெய் வைத்தியம் 6,000. நல்லெண்ணத்தோடுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அறுந்து விலகி நிற்கும் இரண்டு முனைகளை எந்த மாத்திரையும் எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. உடலில் பி12 குறைவு இருந்தால் அந்த மாத்திரை அவசியம்தான், மறுக்கவில்லை. அறுந்த நரம்புக்கு அதுவே வைத்தியம் என்று உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

இரண்டு அடையாளங்களை என் கையே எனக்குக் காட்டியது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. நவம்பர் கடைசியில் துணி துவைத்து முடித்துக் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி எப்போதும் போல ஊறிச் சுருங்கியிருந்தது. பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றும் நனைந்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. மோதிர விரலில் ஒரு பாதி சுருங்கி, ஒரு பாதி சுருங்காமல், நடுவில் கோடு போட்டதுபோல் இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் விளங்கவில்லை. இன்னொன்று, அந்த மூன்று விரலிலும் வியர்வையே இல்லை. ரேஷன் கடையில் ரேகை விழவில்லை, தையல் பில் புத்தகத்தில் தாளைத் திருப்ப முடியவில்லை. டிசம்பரில் ஒரு நாள் தேய்ப்புப் பெட்டியின் ஓரத்தில் ஆட்காட்டி விரல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தேன். அந்தப் புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்: அவர்களுடைய விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் அழுத்தியும் சிறிது சிறிதாக இழக்கிறார்கள். மரத்த கை உள்ளவர்கள் சூடான டம்ளரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். குக்கர் பிடிக்குத் துணி வையுங்கள். இரவு படுக்குமுன் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

அந்தத் தீப்புண்ணுக்கு மருந்து போடப் போன இடத்தில் ஒரு இளம் டாக்டர்தான் மணிக்கட்டுத் தழும்பைத் தட்டிப் பார்த்தார். விரல் நுனி வரை கரண்ட் அடித்த மாதிரி விர்ரென்று ஓடியது. உடனே நரம்பில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். புதுச்சேரியில் செய்துகொண்டேன், 2,800 ரூபாய். ஸ்கேனுக்கு 1,500. மீடியன் நரம்பு முழுதாக அறுந்திருந்தது, மேல் முனையில் பட்டாணி அளவு உருண்டை. ஜனவரி 19 அன்று அந்த அறிக்கையை வாங்கியபோது மூன்று மாதம் தாண்டியிருந்தது. இந்தச் சோதனையை அடிபட்ட மறுநாளே செய்தால் ஏமாற்றிவிடும். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி சில நாள் வரை மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும், மூன்று வாரம் கழித்துச் செய்வதுதான் தெளிவாகக் காட்டும். அதற்காக மூன்று வாரம் சும்மா இருக்க வேண்டும் என்று பொருளில்லை. வெட்டுக்காயமும் மரப்பும் சேர்ந்து இருந்தாலே திறந்து பார்க்க அது போதும்.

தனியார் மருத்துவமனையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார்கள். சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் கைக்கென்றே அறுவைப் பிரிவு இருப்பதை அந்த இளம் டாக்டர் சொன்னார். போனோம். அங்கே என்னைப் பார்த்த மேடம் நிதானமாக, படம் வரைந்து விளக்கினார். முதல்முறையாக என் கையில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. என் தொழில் பாஷையில் சொல்கிறேன். உள்பாவாடை இடுப்புப் பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாடா உள்ளே ஓடுகிறது, பட்டி அதைச் சுற்றிக் குழாய் மாதிரி இருக்கிறது. நரம்பிலும் அப்படித்தான். உணர்வைக் கொண்டுபோகும் ஆக்சான் இழைகள் நாடா. ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய உறை, இழைக் கட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை, எல்லாக் கட்டும் சேர்ந்த நரம்புக்கு வெளியே தடித்த உறை. இந்த மூன்று உறையும் இணைப்புத் திசு, கொலாஜன் நாரால் ஆனவை. நரம்பு அறுந்தால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள நாடா முழுவதும் மட்கிப்போகிறது. 1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி இதைக் கண்டார். ஆனால் பட்டி மட்கவில்லை. உள்ளே இழைகளைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்களும் துப்புரவு செல்களும் குப்பையை அகற்றுகின்றன, பிறகு ஷ்வான் செல்கள் வரிசையாக நின்று வழி அமைக்கின்றன. மேலேயிருந்து புதிய நாடா அந்தக் காலிப் பட்டிக்குள் நுழைந்து வளர வேண்டும். ஊக்கு மாட்டி நாடா கோர்ப்போமே, அந்த ஊக்கு மாதிரி வளரும் முனை முன்னால் தடவித் தடவிப் போகிறது.

அப்படியானால் தடை எங்கே என்று கேட்டேன். "அதே இணைப்புத் திசுதான்மா தடையும்" என்றார். அறுந்த இடைவெளியில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் செல்கள் வந்து நிரம்புகின்றன. நெருக்கமான, இழுவிசை இல்லாத சிறிய இடைவெளியில் இவை நல்லது செய்கின்றன. ஷ்வான் செல்களைச் சிதறவிடாமல் கூட்டமாகச் சேர்த்து வரிசையில் போகவைப்பதே இவற்றின் தொடுகைதான் என்று 2010-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் முதலில் நுழைவது புது ரத்தக் குழாய்கள், ஷ்வான் செல்கள் அவற்றைக் கொடிக்கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன, அவற்றின் பின்னால்தான் நரம்பு இழை வருகிறது என்பது 2015-ல் தெரிந்தது. ஆனால் இடைவெளி பெரிதாகி, மாதங்களும் போய்விட்டால் அதே நார் செல்கள் கொலாஜனைக் கொட்டிக் கொட்டிச் சுவர் எழுப்பிவிடுகின்றன. பட்டியின் வாயைத் தாறுமாறாகத் தைத்து மூடிவிட்டால் ஊக்கு எங்கே போகும்? திரும்பித் திரும்பிச் சுருண்டு உருண்டையாகிறது. அதுதான் என் மணிக்கட்டில் இருந்த பட்டாணி, நியூரோமா. தொட்டால் கரண்ட் அடித்தது அதனால்தான்.

2023 பிப்ரவரி 16 அன்று, அடிபட்டு 131 நாள் கழித்து, அறுவை. உருண்டையையும் கீழ் முனைத் தழும்பையும் நல்ல இழை தெரியும் வரை வெட்டி எடுத்தபோது மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. "இழுத்துக் கட்டித் தைக்க முடியாதா?" என்று முன்னமே கேட்டிருந்தேன். இடைவெளியில் ஒட்டு வைக்கக் காலிலிருந்து நரம்பு எடுப்பது எனக்குப் பயமாக இருந்தது. கூடாது என்றார்கள். வியன்னாவைச் சேர்ந்த ஹான்னோ மிலேசி என்ற அறுவை மருத்துவர் 1970-களில் இதை அழுத்திச் சொன்னவர்: நரம்பை இழுத்துத் தைத்தால் அந்த இழுவிசையாலேயே தையல் வாயில் இணைப்புத் திசு பெருகி வழியை அடைத்துவிடும், ஒட்டு வைத்தால் இழைகள் இரண்டு தையலைக் கடக்க வேண்டியிருந்தாலும் இழுவை இல்லாததால் அதுவே மேல். துணியில் எனக்கு இது நன்றாகத் தெரியும், துணி போதாமல் இழுத்துப் பிடித்துத் தைத்த தோள் முதல் துவைப்பிலேயே சுருக்கம் கொடுக்கும். என் இடது கெண்டைக்காலின் சூரல் நரம்பில் பன்னிரண்டு சென்டிமீட்டர் எடுத்து மூன்று இழையாக வெட்டி, கண்ணால் பார்க்கக் கஷ்டமான நூலால் நுண்ணோக்கியின் கீழ் தைத்தார்கள். நாலேகால் மணி நேரம். இடது பாதத்தின் வெளி ஓரம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் மனம் தயாராக இருந்தது. நடக்க ஒரு தொந்தரவும் இல்லை.

அப்புறம் காத்திருப்பு. நரம்பு ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், அதுவும் முதல் சில வாரம் தயங்கி நின்றுவிட்டுத்தான் கிளம்பும் என்றார்கள். என்னிடம் டேப் இருந்தது, அளவு நோட்டு இருந்தது. வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தில் என் பெயரை எழுதி, என் அளவையே எழுத ஆரம்பித்தேன். விரல் நுனிப் பக்கமிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் ஊசி குத்துவதுபோல் விரலுக்குள் சுரீர் என்கிறதோ, புதிய இழை அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். 1915-ல் பிரான்சில் ஜூல் டினலும் ஜெர்மனியில் பால் ஹாஃப்மனும் இதைத் தனித்தனியே எழுதினார்கள். இரண்டு நாடும் போரில் எதிரெதிரே நின்ற வருடம், இரண்டு பக்கமும் காயம்பட்ட சிப்பாய்களின் கைகளைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் நோட்டில் மேல் தையலிலிருந்து ஏப்ரல் 2: ஒன்றரை சென்டிமீட்டர். மே 14: ஐந்து. ஜூலை 16: பதினொன்று. செப்டம்பர் 24: பதினேழு. இடையில் மூன்று வாரம் ஒரு அரை சென்டிமீட்டர்கூட நகராமல் நின்றபோது நான் தூங்கவில்லை. வாரா வாரம் அளக்காதீர்கள், மாதம் ஒருமுறை போதும் என்று இப்போது சொல்வேன்.

அந்த மாதங்களில் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பற்றித் தேடித் தேடிப் படித்து இரவில் எனக்குச் சொல்வாள். அவள் சொன்னதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இத்தாலியப் பெண்ணின் கதை. யூதர் என்பதால் 1938-ன் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. டூரினில் தன் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார். கோழிக் கருவை அறுக்கக் கத்தி இல்லை, தையல் ஊசியைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டார். போருக்குப் பின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விக்டர் ஹாம்பர்கரிடம் போய்ச் சேர்ந்தார். எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால் நரம்பிழைகள் அதைத் தேடிக் காடாக வளர்வதை 1948-ல் எல்மர் பியூக்கர் எழுதியிருந்தார். அந்தக் கட்டி சார்க்கோமா, அதாவது இணைப்புத் திசு வகையிலிருந்து வரும் கட்டி. ரீட்டா பார்த்தது இன்னும் விசித்திரம்: நரம்பிழைகள் ரத்தக் குழாய்களுக்குள்ளேகூடப் புகுந்திருந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைந்து பரவி நரம்பை அழைக்கிறது என்று முடிவுசெய்து, 1952-ல் ரியோ டி ஜெனிரோவில் ஹெர்தா மேயரின் ஆய்வுக்கூடத்தில் கட்டித் துண்டையும் கோழிக் கருவின் நரம்பு முடிச்சையும் கண்ணாடித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் நரம்பு முடிச்சைச் சுற்றிச் சூரிய கதிர் மாதிரி இழைகள் விரிந்தன. ஸ்டான்லி கோகன் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதில் என் கைக்கு என்ன என்று கேட்டேன். அதைத்தான் அடுத்த முறை மேடம் சொன்னார். நரம்பு தானாக எங்கோ போவதில்லை, போய்ச் சேர வேண்டிய இடம் அதைக் கூப்பிடுகிறது. நரம்பு அறுந்ததும் துப்புரவு செல்கள் கொடுக்கும் சமிக்ஞையால் உறைக்குள் இருக்கும் நார் செல்களும் ஷ்வான் செல்களும் இந்த வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் வளையமாக இருக்கும் மென்தசைச் செல்களும் இதைச் சுரக்கின்றன. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத, தானாகச் சுருங்கி விரியும் தசை அது. அதைச் சுருக்கிவிடும் பரிவு நரம்பிழைகள் கருவிலேயே அந்தத் தசையின் அழைப்பைக் கேட்டுத்தான் குழாயோடு குழாயாக ஓடி அதைப் போய்ச் சேர்கின்றன. உணர்வு இழைகளோடு இந்தப் பரிவு இழைகளும் ஒரே மீடியன் நரம்புக்குள்தான் விரலுக்கு வருகின்றன. எனக்கு இரண்டும் சேர்ந்து அறுந்திருக்கின்றன.

அப்போதுதான் துவைத்த கையின் புதிர் அவிழ்ந்தது. தண்ணீரில் விரல் சுருங்குவது தோல் ஊறிப்போவதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. வியர்வைத் துளைகள் வழியே நீர் புகுந்ததும் பரிவு நரம்பு தூண்டப்பட்டு, விரல் நுனியின் ரத்தக் குழாய்களில் உள்ள மென்தசையைச் சுருக்குகிறது. உள்ளே கன அளவு குறைகிறது, மேல் தோல் மடிகிறது. நரம்பு இல்லாத விரலில் மென்தசைக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் சுருக்கமும் இல்லை. 1973-லேயே ஒரு மருத்துவர் இதை எளிய நரம்புச் சோதனையாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். நவம்பரில் என் துவைக்கிற கல் மேலேயே எனக்கு விடை கிடைத்திருக்கிறது. குழந்தைக்கு அடிபட்டால் "உணர்வு இருக்கா" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் கையை வைத்து எந்த விரல் சுருங்கவில்லை என்று பாருங்கள். காயம் ஆறிய பிறகுதான். சுருங்கவில்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் காட்டுங்கள். மார்கழிக் குளிரில் அந்த மூன்று விரல் மட்டும் நீலம் பாரித்துக் கடுகடுவென்று வலித்ததற்கும் இதே நரம்பு அறுந்ததுதான் காரணம். நரம்புக் காயத்துக்குப் பின் இது பல வருடம் இருக்கலாம். கம்பளிக் கையுறை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.

வளர்ச்சிக் காரணியையே ஊசியாகப் போட்டால் என்ன என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒருவர் "நரம்பு வளர்ச்சி ஊசி" என்று சொல்லி முப்பதாயிரம் கேட்கவும் செய்தார். மேடம் தலையை ஆட்டினார். அந்தப் பொருளே வலியையும் கூட்டுவது, மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது கடும் வலி கொடுத்தது. அறுந்த கை நரம்புக்கு வழக்கமான வைத்தியமாக அப்படி ஊசி எதுவும் இல்லை. யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆகஸ்டில் பெருவிரல் அடியில் ஒரு துடிப்பு தெரிந்தது. நான் பார்த்ததை நம்பாமல் மகளைப் பார்க்கச் சொன்னேன். நரம்பு வந்து சேராத தசை ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்குள் நாராகவும் கொழுப்பாகவும் மாறிப்போகும், பிறகு நரம்பு வந்தாலும் வேலை செய்யாது. என் 131 நாள் அந்தக் கணக்கிலிருந்து கழிந்தது. அதனால்தான் அவை இவ்வளவு உறுத்துகின்றன.

உணர்வு திரும்பியபோது குழப்பத்தோடு திரும்பியது. ஆட்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தெரிந்தது. நாடா தவறான பட்டிக்குள் போய்விட்டது, அது இனி மாறாது, மூளைதான் புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அங்கே கைப்பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி மணல் தாள், பஞ்சு என்று கொடுத்தாள். நான் என் வெட்டுத் துணிகளைக் கொண்டுபோனேன். கதர், பாப்ளின், சாட்டின், வெல்வெட், சாக்குத் துணி. கண்ணை மூடித் தொட்டு, பெயர் சொல்லி, கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடித் தொட்டு. நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். முதலில் சாக்கும் வெல்வெட்டும் மட்டும் பிரிந்தன. சாட்டின் ஜனவரி 2024-ல். கதரும் பாப்ளினும் இன்னும் சில நாள் ஏமாற்றுகின்றன. இந்தப் பயிற்சியைச் சலிப்பு என்று பாதியில் விட்டவர்களை அங்கே பார்த்தேன். விடாதீர்கள். அறுவை செய்தவர் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார், நடப்பது நாம்தான்.

கணக்கு சொல்லிவிடுகிறேன். அறுவைக்கு முன் வீணாகவும் சோதனைக்கும் போனது 21,500. அரசு மருத்துவமனையில் அறுவைக்குப் பணம் இல்லை. ஆனால் சென்னைக்குப் போய்வர, தங்க, பெருவிரலைத் தாங்கும் பட்டைக்கு என ஒரு வருடத்தில் 19,000. பதினான்கு மாதம் தைக்கவில்லை, மாதம் 18,000 வைத்துப் பார்த்தால் இரண்டரை லட்சம். அடகு வைத்த சங்கிலியை இந்த வருடம்தான் மீட்டோம். முதல் நாளே தைத்திருந்தால் காலில் கை வைக்க வேண்டியிருந்திருக்காது, இதில் பாதிக்கு மேல் மிச்சம். அடிபட்ட அன்று காயத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், என்ன பார்த்தோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால் சென்னையில் முதல் நாள் முழுக்கப் பழைய கதையை வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது பெருவிரல் மோதிர விரல் நுனி வரை போகிறது, சுண்டுவிரலைத் தொட இன்னும் அரை அங்குலம். மெஷின் ஓட்டுகிறேன். கைத்தையல் ஹெம்மிங்குக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போர்வை துவைத்து முடித்து நிழலில் நின்று கையைப் பார்த்தேன். பெருவிரல் நுனியிலும் ஆட்காட்டி விரல் நுனியிலும் மெல்லிய மடிப்புகள். நடுவிரலில் ஒரு பக்கம் மட்டும். உள்ளே போய் அளவு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன்.